மைக்குக்குப் பதிலாக ஒரு திரை

கம்பியூட்டரைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணிதத்தில் இரண்டாம் தடவைதான் தேறினேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கலியாண வீட்டில் படம் எடுக்கும்போது தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன், புரோகிராம் எழுதுகிறவர்களுக்குள் தீராமல் நடக்கிற ஒரு வழக்கைப் பற்றி எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரனாக இருந்திருக்கிறேன். அதுவும் மாத்தளை பஸ் நிலையத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க. நினைத்தால் இப்போதும் விரல் நுனியெல்லாம் பரபரக்கிறது.

வழக்கு இதுதான். புரோகிராம் என்பது கடைசியில் எழுத்துதான். வரி வரியாக எழுதிக் கம்பியூட்டருக்குக் கொடுக்க வேண்டும். அதை எதில் எழுதுவது? சிலர், வெள்ளைத் தாள் மாதிரித் திறக்கிற சின்ன எடிட்டரே போதும் என்பார்கள். அதில் எழுதலாம், அழிக்கலாம், சேமிக்கலாம், வேறொன்றும் கிடையாது. மற்றவர்கள், எழுதும்போதே பிழையைக் காட்டி, பாதிச் சொல்லை அடித்தால் மீதியைத் தானே எடுத்துக் கொடுத்து, எழுதியதையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டியும் காட்டுகிற பெரிய மென்பொருள்தான் வேண்டும் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் பக்கத்துக்கு ஒருவர்தான் இருந்தோம். பெரிய மென்பொருளுக்கு, கம்பியூட்டர் கடை வைத்திருந்த நானா; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். சின்ன எடிட்டருக்கு நான்.

எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. யுத்தம் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள். தனியார் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அலுவலகத்தில் உதவியாளனாக வேலை பார்த்தேன். அலுவலகம் என்றால் முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. கண்ணாடியின் கீழே பதிவுப் புத்தகம் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பார்த்து கண்டக்டர்களுக்குச் சொல்வது என் வேலை. ஒலிபெருக்கியில் அறிவிப்பது இன்னொருவருடைய வேலை. அவர் ஒரு சிங்கள அண்ணன். "ரத்தோட்டை" என்று அவர் சொன்னால் ரத்தோட்டைக்கே கேட்கும் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள்.

அந்த அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. எங்கள் தலைமை டைம் கீப்பரை எல்லோரும் மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "அவன் போனதும் மைக் உனக்குத்தான். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆள் இங்க நீ மட்டும்தான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மைக் என்றாலே எனக்குப் பயம். அதோடு இன்னொன்றும் இருந்தது. பஸ்ஸுக்குள் பக்கத்தில் இருப்பவரிடம்கூடத் தமிழைத் தணித்துப் பேசிய நாட்கள் அவை. என் சிங்களத்தில் பிழை இருக்காது, ஆனால் ஓசையிலேயே நான் யார் என்று தெரிந்துவிடும். அந்த ஓசை ஒலிபெருக்கி வழியாகப் போய் நிலையம் முழுவதும் விழும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

நான் பேச்சுக்குப் பதில் ஒரு வழி தேடினேன். மாத்தயாவிடம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "ஒரு திரையில எழுத்தா வந்தா போதாதா? பஸ் பேரும் நேரமும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செஞ்சு காட்டு. அந்தத் திரை வேலை செஞ்சா மைக் வேணாம். செய்யலன்னா மைக்கைப் பிடி. ரெண்டும் முடியாதுன்னா, தொண்டை உள்ள ஒருத்தன நான் தேடணும். அவன் வந்தா ஒன் கதிரைக்குத்தான் வருவான்."

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "வாயத் திறந்து நாலு ஊர்ப் பேரு சொல்லப் பயந்துக்கிட்டு ஒரு மிஷினையே கட்டப் போறீங்களாக்கும்" என்றாள். அது உண்மைதானே.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில், மசாலாக் கடைக்கு மேல்மாடியில், நானா கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். மாலையில் வகுப்பும் நடத்துவார். கொழும்பில் டிப்ளோமா முடித்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்துக்கொண்டதில்லை. அந்த மாடியில் எந்நேரமும் கிராம்பும் ஏலமும் மணக்கும். கம்பியூட்டரைத் திறந்தால் உள்ளிருந்தும் அந்த மணம்தான் வரும்.

காலை வேலை முடிந்ததும் அங்கே போய் உட்காருவேன். இணையப் பக்கம் எப்படி எழுதுவது என்று நானா காட்டினார். சின்ன எடிட்டரைத் திறந்தேன், நோட்பேட் என்று பெயர். கண் இமைப்பதற்குள் திறந்தது. வெள்ளையாக ஒரு தாள், மேலே நாலைந்து சொற்கள், ஒரு கோடு மினுக் மினுக் என்று நின்றுகொண்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்ன வரிகளை அடித்துச் சேமித்து, அந்தப் பக்கத்தை வேறொரு ஜன்னலில் திறந்தேன். "ரத்தோட்டை" என்று வந்தது. பெரிய எழுத்தில், சிவப்பாக.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு ஊர்ப் பெயரை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லியாகிவிட்டது, வாய் திறக்காமலே. திரும்பவும் எடிட்டருக்குப் போனேன். சிவப்பைப் பச்சை ஆக்கினேன். சேமித்தேன். திறந்தேன். பச்சை. கீழே "உக்குவெல" சேர்த்தேன். வந்தது. "தம்புள்ளை" சேர்த்தேன். வந்தது. எழுது, சேமி, பார். எழுது, சேமி, பார். அன்றைக்குப் பிளேன்டீ ஆறிப்போனது தெரியவில்லை.

கம்பியூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து அடுத்த பஸ்ஸை மட்டும் காட்டும்படி செய்யலாம் என்று நானா சொன்னதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. அதையும் எடிட்டரிலேயே எழுதத் தொடங்கினேன்.

நானாவுக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, கடிகாரம் அது இதுன்னு வந்தா இது சரி வராது. வாங்க, நான் காட்றன்" என்று தன்னுடைய கம்பியூட்டரில் பெரிய மென்பொருளைத் திறந்தார். ஒரு கட்டு சீடியிலிருந்து ஏற்றியது. திறக்கத் தொடங்கினால் ஒரு படம் வரும், அந்தப் படம் அப்படியே நிற்கும், உள்ளே ஏதோ உறுமும். நான் கீழே இறங்கிப் போய் இரண்டு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அப்போதும் படம்தான் நின்றது.

"இதுக்கு மாப்பிள்ளைன்னு பேர் வைக்கலாம் நானா" என்றேன்.

"ஏன்?"

"வாறதுக்குச் சுணங்குது. வந்தாலும் எல்லாரும் எழும்பி எடம் குடுக்கணும். மத்த எதையும் தொறக்க விடாது."

நானா சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "மாப்பிள்ளை வந்தாத்தானே கலியாணம். ஒங்கட நோட்பேட் என்னத்த? சாரனக் கட்டிக்கிட்டு கலியாண வீட்டுக்குப் போற மாதிரி. இங்க பாருங்க, எல்லாம் இதுக்குள்ளேயே ஈக்கி."

இருந்தது என்பது உண்மை. ஒரு பொத்தானை எடுத்துச் சட்டத்துக்குள் இழுத்து வைத்தால் அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பாதி அடித்தால் மீதியை நீட்டியது. பிழையாக அடித்தால் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டது. எனக்கு அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நான் அடித்து முடிப்பதற்கு முன்பே, பின்னால் ஒருவர் நின்று "அது பிழை" என்று சொல்வது மாதிரி. சின்ன எடிட்டர் அப்படி இல்லை. நான் என்ன உளறினாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் சாரன் பேச்சுக்குப் பதில் எனக்கு அடுத்த நாள்தான் வந்தது. படியேறிப் போய்ச் சொன்னேன்: "நானா, சாரன் கட்டினவன்தான் மழ வந்தா மடிச்சிக் கட்டிக்கிட்டு ஓடுவான்."

"இத ராவெல்லாம் யோசிச்சீங்களா?" என்றார் நானா.

பெரிய மென்பொருளின் அருமை எனக்கு வேறொரு இடத்தில் தெரிந்தது. என் பக்கத்தில் ஒரு பிழை வந்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு வரி: ஊர், நேரம், நிற்கும் இடம். மூன்றையும் பிரிக்க நடுவில் அரைப்புள்ளி போட்டிருந்தேன். அரைப்புள்ளி வரும் இடத்தில் வெட்டு என்று கம்பியூட்டருக்குச் சொல்லியிருந்தேன். "உக்குவெல" திரையில் வெறும் "உக" என்று வந்தது. மீதி, நேரம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. "கண்டி" இரண்டு துண்டு. "நாவுல" மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் வந்தது. எடிட்டரில் பல நாள் தேடினேன். ஒவ்வொரு வரியும் எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது.

கடைசியில் நானா என் வரிகளை அப்படியே எடுத்துப் பெரிய மென்பொருளில் போட்டார். அதில் புரோகிராமை ஒரேயடியாக ஓட்டாமல் ஒரு அடி, இன்னொரு அடி என்று நடத்தலாம். எந்த வரியில் நிற்கிறதோ அது மஞ்சளாகும். அந்த நேரத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். நாங்கள் இருவரும் மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தோம். ஒரு அடி. இன்னொரு அடி. "உக்குவெல" க்-இல் வெட்டுப்பட்டது. "கண்டி" ண்-இல் வெட்டுப்பட்டது.

நானா தலையில் கை வைத்தார். எங்கள் கம்பியூட்டர்களில் அப்போது தமிழுக்கென்று தனி எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்து விசைகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துருதான். அதில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைக்க அடிக்கிற விசை எது தெரியுமா? அரைப்புள்ளி. கண்ணுக்குப் புள்ளி, கம்பியூட்டருக்கு அரைப்புள்ளி. நான் வைத்த ஒவ்வொரு புள்ளியிலும் அது கத்தி போட்டிருக்கிறது.

"மெய்யெழுத்து இல்லாத ஊருக்கு மட்டும்தான் ஒங்க பஸ் போகும் அண்ணே" என்றார் நானா. நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே மசாலாக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். எந்தத் தமிழ் எழுத்துக்கும் தேவைப்படாத ஒரு நிமிர்ந்த கோட்டைப் பிரிப்பதற்குப் போட்டோம். எல்லா ஊரும் முழுசாக வந்தன. அந்த மஞ்சள் வரியை அதன் பிறகு நான் குறை சொன்னதில்லை.

நானா கழித்துப் போட்டிருந்த பழைய கம்பியூட்டர் ஒன்றைப் பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். பெட்டியைக் கண்டதும் காவலில் நின்ற பொலிஸ்காரர் நிறுத்தினார். வயர்களோடு ஒரு பெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழன், ஒரு முஸ்லிம். நானாதான் பேசினார். பெட்டியைத் திறந்து காட்டினோம். அப்படியும் அவர் நகரவில்லை. வயர்களைப் பூட்டி, ஓட்டிக் காட்டச் சொன்னார்.

என் பக்கத்தைத் திறந்தேன். பஸ்கள் வந்தன, தமிழிலும் சிங்களத்திலும். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "எங்க ஊர் இதில இல்லையே?"

"எந்த ஊர் மாத்தயா?"

"வில்கமுவ."

சேர்க்காமல் விட்டிருந்தேன், அந்தப் பக்கம் பஸ் எப்போதாவதுதான் போகும் என்பதால். எடிட்டரைத் திறந்தேன். வரியை அடித்தேன். சேமித்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். "வில்கமுவ" என்று சிங்களத்தில் திரையில் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பொலிஸ்காரர் துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இந்த இடத்தில என் ஊர்ப் பேரை எழுத்தில இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். நான் நானாவைப் பார்த்தேன். நானா வேறு பக்கம் பார்த்தார்.

ஆனால் நானாவும் சும்மா இருக்கவில்லை. அதே வேலையைப் பெரிய மென்பொருளில் அவர் கட்டிக்கொண்டு வந்தார். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மூலையில் ஓடும் கடிகாரம், மூன்று மொழி. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே ஒரு சின்ன பஸ் படம். அது இடமிருந்து வலமாக ஓடும். சக்கரம் சுற்றும். பழைய கம்பியூட்டரில் போட்டதும் ஏதோ கோப்பு இல்லை என்று மறுத்தது, அதையும் ஏற்றினார். மெதுவாக, ஆனால் அழகாக ஓடியது.

மாத்தயாவுக்கு இரண்டையும் காட்டினோம். என் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நானாவுடையதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பஸ் ஓடுறதே வேணும்" என்றார். அதோடு முடிந்தது.

எனக்கு வருத்தமா என்று கேட்டால், இல்லை. எந்தத் திரையாக இருந்தால் என்ன, மைக் இல்லையே. நானாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நேரம் மாறினா எப்படி மாத்துறது?"

"நேரமெல்லாம் புரோகிராமுக்குள்ளேயே வச்சிக் கட்டிட்டன். பஸ் ஸ்டேண்ட்ல கண்டவன் கை வச்சா? மாத்தணும்னா கடைக்கு ஒரு கோல் அடிங்க, நான் மாத்திக் கட்டிக் கொண்டு வாறன்."

அறிவிப்பாளர் அண்ணனின் கடைசி நாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை திரை ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்கு உள்ளே, வெளியே பார்த்தபடி வைத்திருந்தோம். அன்று காலை மாதிரி ஒரு காலையை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. ஜனங்கள் கூடிக் கூடிப் பார்த்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் பஸ் படத்தோடு சேர்ந்து ஓடினார்கள். ஒரு கண்டக்டர், "இனி எங்களையும் இதுக்குள்ள போட்டுருவாங்க போல" என்றார். நான் உள்ளே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மைக் மேசை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

பத்து மணிக்குப் பிறகு மழை பிடித்தது. நண்பகல் நெருங்கும்போது நனைந்து சொட்டச் சொட்ட ஒரு கண்டக்டர் ஓடி வந்தார். ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் பாதையில் மண் சரிந்துவிட்டது. ரத்தோட்டை வரைக்கும்தான் பஸ் போகும். அந்த வழியாகப் போகும் வில்கமுவ பஸ், அலுவிகாரைப் பக்கமாகப் போய் நாவுல வழியாகச் சுற்ற வேண்டும். ஆகையால் தம்புள்ளை பஸ் நிற்கும் இடத்தில் நிற்கும், வழக்கத்தைவிட முன்பே புறப்படும். சொல்லிவிட்டு மாத்தயாவைக் கேட்டார். மாத்தயா பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். அறையில் நான் மட்டும்தான்.

நானாவின் கடைக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை. நானா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்.

திரையில் "ரிவர்ஸ்டன்" என்று மஞ்சளாக மின்னியது. இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். கீழே பஸ் படம் சக்கரம் சுற்றப் போய்க்கொண்டிருந்தது.

வெளியே சிரிப்புக் கேட்டது. "அந்த பஸ்ஸுக்கு மட்டும் மண்ணும் இல்ல மழையும் இல்ல" என்றார் ஒருவர். "ஏறிக்குங்கடா, அதுல எடம் இருக்கு." பிறகு சிரிப்பு குறைந்தது. கண்ணாடியைத் தட்டத் தொடங்கினார்கள். வில்கமுவ பஸ் மறுபக்கத்தில் எஞ்சினைப் போட்டுவிட்டது, அதில் போக வேண்டியவர்கள் இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை விட்டால் மறுநாள்தான்.

மைக்கைப் பார்த்தேன். கை போகவில்லை. கீபோர்டுக்குப் போனது.

கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் தலையை நுழைத்து நானாவின் புரோகிராமை மூடினேன். பஸ் படம் பாதி வழியில் மறைந்தது. எடிட்டரைத் திறந்தேன். அந்தப் பழைய கம்பியூட்டரிலும் அது உடனே திறந்தது. ஆனால் திரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தது, அப்படித் தலையைத் திருகிக்கொண்டு எழுத முடியாது. கண்ணாடி ஓட்டை வழியாகக் கீபோர்டை வெளியே தள்ளிவிட்டு, நான் சுற்றி ஓடி வெளியே வந்தேன். வயர் கண்ணாடி விளிம்பு வரைக்கும்தான் வந்தது. ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விளிம்பில் கீபோர்டை வைத்து, எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாமோ அவ்வளவு பெரிதாக்கி, சிங்களத்தில் அடிக்கத் தொடங்கினேன்.

ரிவர்ஸ்டன் பாதை மூடியிருக்கிறது.

என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். நான் ஒரு எழுத்து அடித்தால் அவர்கள் ஒரு எழுத்து வாசித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வெறும் வெள்ளைத் தாள் அறிவிப்புப் பலகையாகிவிட்டது. புரோகிராம் இல்லை, கட்டுவது இல்லை, விரலிலிருந்து நேரே ஜனங்களின் கண்ணுக்கு.

"வில்கமுவ எங்க நிக்குதுன்னு போடு மல்லி" என்றார் பின்னாலிருந்து ஒருவர் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி. போட்டேன். ஒரு கூட்டம் மூட்டையோடு நகர்ந்தது.

அப்போது என் கைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா. தலையில் நனைந்த துவாய். "ஐயா, நாங்க ரத்தோட்டைக்கு மேல போறவங்க. இதுல என்னங்க எழுதியிருக்கு? எங்களுக்கு வெளங்குற மாதிரி போடுங்க."

கீழே தமிழில் அடித்தேன். வந்தது தமிழ் இல்லை, ஏதோ சிங்களக் குப்பை. அந்த எடிட்டரில் ஒரு நேரத்தில் ஒரு எழுத்துருதான் வைக்க முடியும், முழுத் தாளுக்கும். தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினேன். தமிழ் சரியாக வந்தது. மேலே இருந்த சிங்களம் அத்தனையும் தமிழ்க் குப்பையானது.

"மல்லி, எங்க எழுத்தெல்லாம் கொத்துரொட்டி ஆயிருச்சே" என்று சிங்களத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். திரும்ப மாற்றினேன். இப்போது தோட்டத்து அம்மா, "ஐயோ, எங்களோடது போயிருச்சுங்க" என்றார். மறுபடி மாற்றினேன். அந்தப் பக்கம் ஒரு கூச்சல், இந்தப் பக்கம் ஒரு கூச்சல். ஒரு தடவைக்குப் பாதி ஊருக்குத்தான் காட்ட முடிந்தது.

நனைந்த கண்டக்டர் பொறுமை இழந்துவிட்டார். "அண்ணே, ஒண்ண எழுத்துல விடுங்க. மத்தத வாயால சொல்லுங்க. வாய் இருக்குதானே?"

அவரே உள்ளே போய் மைக்கை எடுத்து, ஓட்டை வழியாக என் பக்கம் நீட்டினார்.

தமிழைத் திரையில் விட்டேன். மைக்கை வாங்கினேன். என் வாயிலிருந்து முதலில் காற்றுத்தான் வந்தது, அது ஒலிபெருக்கியில் புயல் மாதிரிக் கேட்டது. "சத்தமா" என்றார் ஒருவர். சொன்னேன். வில்கமுவ போகிறவர்கள் தம்புள்ளை பஸ் நிற்கும் இடத்துக்குப் போகவும் என்று சிங்களத்தில் சொன்னேன். குரல் இரண்டாக உடைந்தது. ஒரு சொல்லை என் அம்மா சொல்வது மாதிரியே சொல்லிவிட்டேன், ஓசை நன்றாகத் தெரிந்தது. ஒருவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பஸ் நிற்கும் பக்கம்தான் பார்த்தார்கள். பைகளைத் தூக்கினார்கள், குடையை விரித்தார்கள், ஓடினார்கள். வில்கமுவ பஸ் நிறைந்து புறப்பட்டது.

இன்னொரு தடவை சொன்னேன். பிறகு தமிழிலும் சொன்னேன், திரையில் இருந்தும்கூட. கண்டி பஸ்ஸையும் சொன்னேன், அதற்கு அவசியமே இல்லை.

மழை விடும்போது நானா வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "அண்ணே, ஒங்கட சத்தமா அது? பள்ளி வாசலுக்குக் கேட்டிச்சி. யாரோ புதுசா ஆள் எடுத்திட்டாங்கன்னு நெனச்சன்." பிறகு திரையைப் பார்த்தார். "என்ட புரோகிராம மூடிட்டீங்க?"

"ஒங்க பஸ் மண்ணுக்குள்ளால போச்சு நானா."

அவர் கொஞ்ச நேரம் திரையில் இருந்த பெரிய தமிழ் எழுத்துகளைப் படித்தார். நான் அடித்ததில் இருந்த பிழைகளையும் சேர்த்துப் படித்தார் என்று நினைக்கிறேன். "மாப்பிள்ளைக்கு இவ்வளவு அவசரம் தெரியாது" என்றார். பிறகு நாங்கள் அங்கேயே நின்று ஒரு முடிவுக்கு வந்தோம். நேரங்களைப் புரோகிராமுக்குள் கட்டக் கூடாது. தனியாக ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். அதைச் சின்ன எடிட்டரில் யாரும் திருத்தலாம். அவருடைய பெரிய புரோகிராம் அதைப் படித்து மூன்று மொழியிலும் அழகாகக் காட்டட்டும், பஸ் படத்தையும் ஓட்டட்டும். "யாரும்னா நீங்க மட்டும்" என்றார் நானா. சரி என்றேன்.

மாத்தயா பொலிஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்து, நடந்ததைக் கண்டக்டரிடம் கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கீபோர்டை ஓட்டை வழியாக உள்ளே இழுத்து வைத்தார். மைக்கை நிமிர்த்தி என் கதிரைக்கு நேராக வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. கம்பியூட்டர், புரோகிராமை மாற்றிக் கட்டுவதற்காக நானாவின் கடையில் இருந்தது. காலை ரத்தோட்டை பஸ்ஸை நான் மைக்கில் சொன்னேன். ரிவர்ஸ்டன் பாதை பிற்பகலில்தான் திறந்தது.